காற்றுக்குக் காத்திருந்தவர்களின் குன்று: மெர்கோங்கிலிருந்து புக்கிட் பத்து பகாட்

மெர்கோங்கில் நின்று ஏறுவதற்கு ஒரு மேடு தேடினால் கிடைக்காது. தொழிற்பேட்டைக் கூரைகளைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் வாய்க்கால், மறுபடியும் வயல். அலோர் ஸ்டாரைச் சுற்றி இருப்பது முழுக்க நெல் விளையும் தட்டை நிலம். அந்த நிலத்தில் கண்ணுக்குப் படுகிற உயரங்கள் இரண்டுதான். ஒன்று வடமேற்கே, பத்து கிலோமீட்டருக்குள், சுண்ணாம்புக் கல்லாக நிற்கும் குனோங் கெரியாங். மற்றது தெற்கே நீலமாகத் தெரியும் ஜெராய் மலை.

கெரியாங் பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே பலரும் முதலில் அங்கே போகிறார்கள். ஏறக்குறைய 218 மீட்டர் உயரம், செங்குத்தான பாறை, குகைகள், மழை பெய்தால் வழுக்கும் படிகள். இளைஞர்களுக்கு அது சரி. பிள்ளைகளையும் முழங்கால் வலிக்கும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் அடிவாரத்திலுள்ள நெல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இந்த அத்தியாயம் ஜெராயின் தென் அடிவாரத்தில் உள்ள சின்னக் குன்றைப் பற்றியது. பெயர் புக்கிட் பத்து பகாட். மெர்போக் ஊரை ஒட்டி, பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. புல் வளர்ந்த சரிவு, படிக்கட்டு, பக்கத்தில் பாறைகள் மேல் இறங்கும் ஓடை, மேலே ஒரு கற்கோயிலின் அடித்தளம். நிதானமாக ஏறினாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் இங்கே அரை நாளாவது செலவிடுங்கள். ஏறும் தூரம் சிறியது. பார்க்கவும் யோசிக்கவும் உள்ளதோ அதிகம்.

எந்த நாள், எந்த நேரம்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ உறவினர்கள் வந்து சேரும்போது இதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் அருங்காட்சியகம் மூடியிருப்பது வழக்கம். அதனால் வெள்ளியன்று போவதானால் காலையிலேயே முடித்துவிடுங்கள், அல்லது சனிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலைக்காகச் சில பகுதிகளை அடைத்து வைப்பது உண்டு.

மழை நின்று வானம் தெளிவாக இருப்பது டிசம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை. செப்டம்பர், அக்டோபரில் வட கெடாவில் மழை பலமாகப் பெய்யும். அப்போது போகவே கூடாது என்றில்லை. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை இறங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, பன்னிரண்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் நேராகக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

நம் பக்கம் பொழுது நன்றாக விடிய ஏழேகால் ஆகிவிடும். ஏழு மணிக்கு மெர்கோங்கை விட்டுக் கிளம்பினால், வழியில் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு அருங்காட்சியகக் கதவு திறக்கும்போது அங்கே இருக்கலாம். அந்த முதல் ஒரு மணி நேரம்தான் அருமையான நேரம். புல்லில் பனி இருக்கும், வெயில் சரிவாக விழும், பள்ளிப் பேருந்துகள் வந்திருக்காது.

பழைய சாலையில் போங்கள்

நெடுஞ்சாலையில் ஏறினால் சுங்கை பட்டாணி வடக்கு வெளியேற்றம் வரை நேராகப் போய்விடலாம். அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். அவசரம் இல்லையென்றால் பழைய முதலாம் எண் சாலையைத் தேர்ந்தெடுங்கள். சிம்பாங் அம்பாட், கோத்தா சாராங் செமுட், குவார் செம்பெடாக், குரூண், பீடோங் என்று ஊர் ஊராகப் போகும் சாலை அது. திரும்பும்போது களைத்திருப்பீர்கள். அதனால் இதைப் போகும்போதே பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சாலையோடு கூடவே நீளமாக ஒரு கால்வாய் வருகிறது. பெயர் வான் மாட் சமான் கால்வாய். கெடாவின் மந்திரி பெசாராக இருந்த வான் முகமட் சமான் 1885இல் தொடங்கி வெட்டச் செய்தது. அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரத்துக் குரூண் வரை சுமார் 35 கிலோமீட்டர். கோடு பிசகாமல் நேராக வெட்டுவதற்காக இரவில் வரிசையாகத் தீப்பந்தம் நட்டு வழி குறித்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். சேறும் காடுமாகக் கிடந்த நிலம் இந்த வாய்க்காலால் வயலானது. 1960களின் கடைசியில் மூடா, பெடு அணைகளைக் கட்டி நீர் கொண்டுவந்த பிறகு அதே வயல் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் நிலமானது. 1970இல் அமைந்த மாடா என்கிற மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம் தொண்ணூறாயிரம் ஹெக்டேருக்கும் மேலான பரப்புக்கு இன்று தண்ணீர் பங்கிடுகிறது.

வயல் பச்சையாக இருக்கிறதா, பொன்னிறமாகத் தலை சாய்ந்திருக்கிறதா, தண்ணீர் கட்டிக் கண்ணாடியாகக் கிடக்கிறதா என்பது நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தது. எப்படி இருந்தாலும், குரூணை நெருங்க நெருங்க ஜெராய் எப்படி வளர்கிறது என்று கவனியுங்கள். 1,200 மீட்டருக்கும் கூடுதலான உயரம். சுற்றி எங்கும் வேறு மலை இல்லாமல், கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் மேல் நிற்கும்போது இது தேவைப்படும்.

குரூண் தாண்டியதும் நெல் முடிந்து மரம் தொடங்குகிறது. முன்பு பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. பீடோங்கில் தமிழர் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தோசையோ இட்லியோ சாப்பிட அங்கே நிறுத்துங்கள். பிறகு மேற்கே திரும்பி செமெலிங் வழியாக மெர்போக் போகும் சாலையில் போனால் பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகள் கொண்டுசேர்க்கும்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் அலோர் ஸ்டாரிலிருந்து கொமுட்டர் ரயிலில் சுங்கை பட்டாணி வரை வந்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுக்கலாம். திரும்பும் பயணத்துக்கும் அதே ஓட்டுநரிடம் நேரம் பேசிக்கொள்ளுங்கள். மெர்போக்கில் நின்றுகொண்டு வண்டி தேடுவது சிரமம்.

கையில் என்ன வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு எண்ணெய். காலில் பிடிப்புள்ள சப்பாத்து. ஓடைப் பக்கத்துக் கற்களில் பாசி படர்ந்திருக்கும், ஜப்பான் சிலிப்பர் அங்கே ஆபத்து. மழை பெய்த மறுநாளானால் அட்டை ஏறலாம். நீளக் காலுறையும் ஒரு சின்னப் பொட்டலம் உப்பும் போதும். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சத்தம் நன்றாகத் தெரியும். அவற்றுக்குத் தீனி போடவும் வேண்டாம்.

ஏறுவதற்கு முன் காட்சிக்கூடம்

பலர் நேராகப் படி ஏறிவிட்டு, இறங்கும்போது களைப்பில் காட்சிக்கூடத்தை ஓட்டமாகப் பார்க்கிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். 1980இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் முதலில் அரை மணி நேரம். சிலைகளைவிட உடைசல்களிடம் அதிக நேரம் நில்லுங்கள் என்பது என் பரிந்துரை. சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், நூல் கோத்த பாசி மணிகள். இவற்றில் பெரும்பகுதி கீழே ஆற்றங்கரையில் உள்ள பெங்காலான் பூஜாங் என்ற இடத்தில் கிடைத்தவை. ஒரு சிற்றூரின் மண்ணில் சீனமும் அரபு நாடும் கலந்து கிடந்தன என்றால் அந்த ஊர் துறைமுகமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தத் துறைமுகத்துக்குத் தமிழில் பழைய சுவடு உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளைச் சொல்லும் இடத்தில் காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. உரையெழுதிய நச்சினார்க்கினியர் அது கடாரம் என்றார். கடாரம் என்பது இந்தக் கெடாவின் பழைய தமிழ்ப் பெயர். சீனத் துறவி யிஜிங் 671இல் புறப்பட்டு நாலந்தாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கினார். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி தெற்கே வெல்லஸ்லி மாநிலப் பக்கம் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் கடல் பயணம் நலமாக முடிய வேண்டிச் செய்வித்தது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, ராஜேந்திர சோழன்? 1025இல் அவன் படை கடல் தாண்டி வந்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது, கடாரம் கொண்டான் என்ற பட்டமும் நமக்குத் தெரியும். இங்கே வரும் தமிழர்களில் பாதிப்பேர் இந்த ஒன்றை மனத்தில் ஏந்தித்தான் வருகிறார்கள். நான் வேண்டிக்கொள்வது, அதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய செய்தியையும் சேர்த்து ஏந்தி வாருங்கள் என்பதுதான். ராஜராஜன் காலத்தில், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனாக இருந்த ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைச் சோழ அரசு கொடுத்தது. லெய்டன் செப்பேடுகள் அதன் சாசனம். படையெடுப்பு ஒரு பருவத்தில் நடந்து முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் வந்துபோனவர்கள் வணிகர்கள். இந்தக் குன்று அவர்களையும், அவர்களை வரவேற்று வியாபாரம் செய்த இந்த மண்ணின் மக்களையும்தான் நினைவூட்டுகிறது.

ஏற்றம்

காட்சிக்கூடத்திலிருந்து வெளியே வந்ததும் புல்வெளி சரிவாக மேலேறுகிறது. வளாகத்துக்குள் நான்கு கோயில்களின் அடித்தளங்களைப் பார்ப்பீர்கள். இவற்றில் மூன்று வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே அடுக்கியவை: பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், பெண்டியாட். வயலிலும் ஆற்றோரத்திலும் அழியும் நிலையில் இருந்தவற்றைக் காப்பாற்ற அப்படிச் செய்தார்கள். செங்கல், செம்புரைக்கல் என்று கட்டிய பொருள் மாறுவதைக் கவனியுங்கள். கையருகே கிடைத்ததைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள்.

நான்காவது, மேலே இருப்பது, பிறந்த இடத்திலேயே நிற்கிறது. ஏற்றம் முழுவதும் அதற்காகத்தான்.

படிகள் ஒழுங்காக இருக்கும். பெரியவர்கள் கைத்தாங்கலோடு ஏறிவிடலாம். பிள்ளைகள் முன்னால் ஓடிப்போய் ஓடைப் பாறைகளில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடையின் சத்தம் கூடவே வரும். ஜெராயின் கருங்கல்லில் வடிந்து வருவதால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. குடிக்க வேண்டாம், ஆனால் முகம் கழுவிக்கொள்ளலாம். இந்த ஓடைக்கரையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கோயில் ஏன் இந்த இடத்தில் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்துத் தண்ணீர் உப்பு. கப்பலோடு வந்து மாதக் கணக்கில் தங்கியவர்களுக்கு வற்றாத நல்ல தண்ணீர் வேண்டும்.

மீதி விடை காற்றில் இருக்கிறது. உலகப்படத்தை எடுத்து இலங்கையின் தென்முனையில் விரல் வைத்து நேர் கிழக்கே இழுத்துக்கொண்டு வாருங்கள். விரல் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் இடையிலுள்ள கடல்வழியைத் தாண்டிக் கெடாக் கரையைத் தொடும். எல்லாம் ஏறத்தாழ ஆறு பாகை வடக்கு. திசைகாட்டும் ஊசி இல்லாத காலத்தில், நட்சத்திரத்தின் உயரத்தை மாறாமல் வைத்துக்கொண்டு கிழக்கே ஓட்டினால் போதும். கரை தெரிவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே ஜெராய் தெரியும். காலையில் காரில் வரும்போது நீங்கள் பார்த்த அதே தனிமலைதான் கடலில் வந்தவனுக்கும் அடையாளம். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவர்கள் திரும்ப வடகிழக்குக் காற்று வரும்வரை காத்திருந்தாக வேண்டும். சீனத்திலிருந்து வருபவர்களுக்குக் காற்றின் கணக்கு வேறு. காத்திருக்கும் நாட்களில் சரக்கு மாற்றினார்கள், கப்பலைச் செப்பனிட்டார்கள், சாமி கும்பிட்டார்கள்.

மேலே

புக்கிட் பத்து பகாட் கோயில் 1936-37இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ், அவருடைய மனைவி டோரதி ஆகியோரின் அகழ்வில் வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் பட்டியலிட்ட இடங்களில் இது எட்டாம் எண். பிறகு 1959, 1960 ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலஸ்டேர் லேம்ப் சிதறிக் கிடந்த கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். பத்து, பதினோராம் நூற்றாண்டு வாக்கில் கட்டியது என்பது பரவலான கருத்து. சிவன் கோயில் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

கோபுரம் எதிர்பார்த்து வருபவர்கள் முதலில் ஏமாந்து போகிறார்கள். கருங்கல் மேடை, படிகள், சதுரக் கருவறையின் சுவர்க் கீழ்ப்பகுதி, அதற்கு முன்னால் மண்டபத் தளம், தளத்தில் வரிசையாகக் கற்பீடங்கள். அவ்வளவுதான். இந்தக் கற்பீடங்களில்தான் கண் நிற்க வேண்டும். அவை மரத்தூண்களைத் தாங்கியவை. தூணும் உத்திரமும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை, இந்த மழையில் மக்கிப் போய்விட்டன. தஞ்சாவூர் மாதிரி மேல் வரை கல் இல்லை. கருவறை, மண்டபம் என்ற திட்டம் நம் பக்கத்துக் கோயிலை ஒத்திருக்கிறது. அதற்கு மேல் போட்ட கூரை மலாய்க் கிராமத்து வீட்டின் தச்சு முறையை ஒத்திருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பீடத்தின் மேலும் ஒரு தூணைக் கற்பனை செய்துகொண்டு, தள்ளி நின்று வரிசையைப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மண்டபம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். ஏறி நிற்க மட்டும் விடாதீர்கள்.

கருவறைப் பகுதியிலிருந்து லேம்ப் குழுவினர் எடுத்தவற்றில் கல்பேழைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள், குழிக்குள் மணிகளும் உலோகத் தகடுகளும். நம் கோயில்களில் அடிக்கல் நாட்டும்போது நவமணிகளை வைத்துப் புதைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கருவறைக்குள் எட்டிப் பார்க்கும்போது, சிலை இருந்த இடத்தை மட்டும் தேடாமல், கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வைத்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சூடம் ஏற்றுவது, கல்லில் மஞ்சள் குங்குமம் பூசுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். பக்தியில் செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணெயும் சாயமும் கல்லுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது, ஆய்வும் கெடும். கும்பிட நினைப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று கும்பிடலாம். அதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

கற்களைப் பார்த்து முடித்ததும் திரும்பி, தெற்கே கீழ்ப்பக்கம் பாருங்கள். கோயிலைச் சுற்றி மரங்கள் அடர்ந்திருப்பதால் பார்வை எங்கும் திறந்திருக்காது. இறங்கும் வழியில் புல்சரிவு வெளிப்படும் இடங்களில் நின்று நின்று பார்க்க வேண்டும். மெர்போக் ஆற்றுப் படுகை, அதன் இரு கரையிலும் பக்காவ் மரங்கள் செறிந்த சதுப்புக் காடு, அதற்கப்பால் கடல் இருக்கும் திசை. அந்தக் காலத்தில் கடல் இன்றைவிட உள்ளே வந்திருந்தது. இப்போது செம்பனையும் வயலுமாக இருக்கும் தாழ்நிலத்தில் பெரும்பகுதி, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். துறைமுகம் தூர்ந்துபோனதும் வணிகம் வேறு கரைகளுக்கு நகர்ந்ததும் சேர்ந்து நடந்தன. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய போது இந்தப் பள்ளத்தாக்கின் கோயில்கள் காட்டுக்குள் மூழ்கி வெகு காலமாகியிருந்தது.

அந்தச் செம்பனை நிலத்தையும் வரலாறாகப் பார்க்கச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தாழ்நிலத்துக்கு மறுபடியும் தமிழர்கள் வந்தார்கள், இந்த முறை வணிகர்களாக இல்லை. பால்மரத் தோட்டங்களில் லயம், விடிகாலைப் பெரட்டு, மண்டோர், கிராணி, சம்பள நாளில் கள்ளுக்கடை. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் நடத்தியது. 1947இல் போலீசோடு மோதலாகி உயிர்ச்சேதமும் நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன், ஜப்பானியர் ஆட்சியில், கெடாத் தோட்டங்களிலிருந்து ஆண்களை ரயிலேற்றிப் பாடாங் பெசார் வழியாகச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். மெர்கோங்கிலிருந்து இந்தக் குன்றுக்கு வருபவர்களில் சிலருக்குக் கீழே தெரியும் நிலம் தாத்தா பாட்டி மரம் வெட்டிய நிலம். வீட்டுப் பெரியவர் யாராவது கூட இருந்தால், எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று இங்கே நிற்கும்போது கேளுங்கள். மேலே கல்லில் எழுதாத வரலாற்றை அவரால் சொல்ல முடியும்.

இறங்கிய பிறகு

வந்த வழியில் சில கிலோமீட்டர் திரும்பினால் செமெலிங்கில் சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு இங்கே தோண்டி வருகிறது. இரும்பு உருக்கிய உலைகள், ஆயிரக்கணக்கான துருத்திக் குழாய்கள், செங்கல்லில் கட்டிய படகுத்துறைகள். எவ்வளவு பழமை என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது, கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் வரை கொண்டுபோகிறவர்களும் உண்டு. வேல்ஸ் 1940இல் வெளியிட்ட தன் ஆய்வில் இந்தப் பள்ளத்தாக்கை இந்தியக் குடியேற்றமாக எழுதினார். இந்த உலைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வது கடினம். கடல் தாண்டி வந்தவர்கள் வாங்குவதற்கு இங்கே ஏற்கெனவே இரும்பு இருந்தது, உருக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. பார்வையாளருக்குத் திறந்திருக்கிறதா என்று அருங்காட்சியகத்திலேயே கேட்டுவிட்டுப் போங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டையோ கசடையோ பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், காரணம் உண்டு. இதே சுங்கை பத்துப் பக்கத்தில் வேல்ஸ் பதினோராம் எண்ணிட்ட கோயில் ஒன்று இருந்தது. வீட்டு மனைக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அது இடிந்து போனது, 2013 டிசம்பரில் செய்தி வெளியாகி நாடே கொதித்தது. தனியார் நிலத்தில் இருந்தது, முறையாகப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருந்தும் பயன்படவில்லை. பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனையோ மேடுகள் செம்பனைக்கு அடியில் இருக்கின்றன. தோட்டத்திலோ மனையிலோ பழைய செங்கல் அடுக்கைக் கண்டால், தோண்டிப் பார்க்காமல் படம் எடுத்து இடத்தைக் குறித்து அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்து மீனவர் ஊர். மீன், இறால், கருவாடு எல்லாம் கரையிலேயே கிடைக்கும். மரக்கறி சாப்பிடுபவர்கள் பீடோங்கிலேயே கட்டி வாங்கிவந்துவிடுவது உத்தமம். படகுத்துறையில் நின்று ஜெராயைத் திரும்பிப் பாருங்கள். கப்பலில் வந்தவன் பார்த்த பக்கம் இது. அக்கரையில் பந்தாய் மெர்டேகா கடற்கரை, படகில் சில நிமிடத்தில் போய்வரலாம். பிள்ளைகள் இருந்தால் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீடு திரும்பக் கடலோரச் சாலையைப் பிடியுங்கள். சிங்கீர், யான், கோலா கெடா வழியாக அலோர் ஸ்டார். யான் பக்கம் வயலுக்கு நடுவே புக்கிட் சோராஸ் என்று இன்னொரு சிறு குன்று உண்டு. அங்கே 2023இல் நடந்த அகழ்வில் பௌத்தக் கட்டடம் ஒன்றும் சுதையில் செய்த புத்தர் உருவங்களும் வெளிவந்தன. அது அகழ்வு நடக்கும் இடம். அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள், சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம். வெளிச்சம் மீதி இருந்தால் கோலா கெடாவில் ஆற்றுமுகத்துப் பழைய கோட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து மெர்கோங்குக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அலோர் ஸ்டார் நுழைவில் நெரிசல் கூடும், அதற்கேற்றபடி கிளம்புங்கள்.